மஞ்சள் டப்பாவை மறுபடியும் நம்பலாமா?

ஒரு மென்பொருளை கம்ப்யூட்டரில் இருந்து நீக்குவதற்கென்றே, அதை எழுதிய கம்பெனியே இன்னொரு மென்பொருளை எழுதித் தந்த அதிசயம் தெரியுமா? அதன் பெயர் நார்ட்டன் ரிமூவல் டூல். கன்ட்ரோல் பேனலுக்குப் போய் 'ரிமூவ்' என்று அழுத்தினால் பாதி போகும், மீதி ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த மீதியைச் சுரண்டி எடுக்கத்தான் இந்த டூல். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கிளப்புவதற்கு அவருடைய தம்பியையே கூப்பிட வேண்டியிருந்த கதை!

அந்த நார்ட்டன் திருந்திவிட்டது என்கிறார்கள். இப்போது லேசாக இருக்கிறதாம், கம்ப்யூட்டரை இழுத்துப் பிடிப்பதில்லையாம், சோதனைக்கூடங்களில் நல்ல மார்க் வாங்குகிறதாம், ஆகவே பழைய கோபத்தை விட்டுவிட வேண்டுமாம். லேசாக இருப்பது உண்மை. மார்க் வாங்குவதும் உண்மை. ஆனால் கோபத்தை விட வேண்டியதில்லை. ஏனென்றால் திருந்தியது சரக்கு மட்டும்தான், கல்லாப்பெட்டி திருந்தவில்லை.

முதலில் கொஞ்சம் பழங்கதை. பீட்டர் நார்ட்டன் என்று ஒரு மனிதர் உண்மையிலேயே இருந்தார். ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டு, அதைத் திரும்பக் கொண்டுவர தானே ஒரு புரோகிராம் எழுதினார். அதிலிருந்து 1982-ல் பிறந்ததுதான் நார்ட்டன் யுடிலிட்டீஸ். கைகளைக் கட்டிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, அவர் நிற்கும் படம் டப்பாவில் இருக்கும். "ஏதாவது உடைந்துவிட்டதா? கொடுங்கள், பார்க்கிறேன்" என்று சொல்கிற மெக்கானிக் முகம். 1990-ல் அவர் தன் கம்பெனியை சிமான்டெக்கிடம் விற்றார். அடுத்த வருடம் நார்ட்டன் ஆன்ட்டிவைரஸ் வந்தது. அதாவது, அந்த ஆன்ட்டிவைரஸ் வரும்போதே கடை கைமாறிவிட்டது. அதன்பிறகும் பல வருடங்களுக்கு ஜனங்கள் வாங்கியது அந்த முகத்தைத்தான்.

முகத்தை வைத்து வாங்குவது முட்டாள்தனமா? இல்லை. வேறு வழியே கிடையாது. இதை வணிகவியல் படிப்பவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஓட்டல் சாப்பாட்டைச் சாப்பிட்ட பிறகாவது நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. வாங்கி, பயன்படுத்தி, தீர்த்த பிறகும்கூட அது வேலை செய்ததா இல்லையா என்று வாங்கியவருக்குத் தெரியாது. 1973-ல் டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளாதார ஆசிரியர்கள் இந்த வகைக்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார்கள். தமிழில் நம்பிக்கைப் பண்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆன்ட்டிவைரஸ் அதற்கு அச்சு அசலான உதாரணம். வருடம் முழுக்க வைரஸ் வரவில்லை. நார்ட்டன் தடுத்ததா? அல்லது வரவே இல்லையா? "இந்த மாதம் இத்தனை ஆபத்துகளைத் தடுத்தோம்" என்று ஒரு பெட்டி திறந்து சொல்கிறது. அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது யார்? கணக்கு எழுதுபவரே ஆடிட்டரும்!

இப்படிப்பட்ட சரக்கை விற்பவனிடம் சரக்கை விட ஆளைத்தான் பார்க்க வேண்டும். அவன் மற்ற விஷயங்களில் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான் வாங்குபவர் கையில் இருக்கும் ஒரே அளவுகோல்.

சரி, எப்படி நடந்துகொண்டான்?

2003-லிருந்து 2007 வரையிலான காலத்தை அப்போது கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புது கம்ப்யூட்டர் வாங்கினால் நார்ட்டன் ட்ரையல் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் காசு கொடுத்து உள்ளே வைத்த இடம் அது. ட்ரையல் முடியும் நாள் நெருங்க நெருங்க சிவப்புப் பெட்டிகள். 2004 பதிப்பில் ஆக்டிவேஷன் என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். திருட்டுப் பிரதியைத் தடுக்க வந்தது, காசு கொடுத்து வாங்கியவரையும் சேர்த்துக் கடித்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு டீ போட்டு வரலாம். அதற்குள் டெஸ்க்டாப் வந்திருந்தால் அதிர்ஷ்டம். 'வைரஸை விட ஆன்ட்டிவைரஸ்தான் அதிகம் படுத்துகிறது' என்பது அந்தக் காலத்தில் ஜோக் அல்ல, அனுபவம்.

2007 மே மாதம் சீனாவில் நடந்தது இதற்கெல்லாம் சிகரம். ஒரு அப்டேட் போனது. எளிய சீன எழுத்து விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த இரண்டு சிஸ்டம் கோப்புகளை ட்ரோஜன் என்று நினைத்து அந்த அப்டேட் தூக்கிவிட்டது. ரீஸ்டார்ட் செய்த கம்ப்யூட்டர்கள் எழுந்திருக்கவே இல்லை. ஆயிரக்கணக்கில்.

இதில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இந்த மாதிரித் தவறு யாருக்கும் வரும். 2010 ஏப்ரலில் மெக்காஃபி இதே வேலையை விண்டோஸின் உயிர்நாடியான எஸ்விசிஹோஸ்ட் கோப்பில் செய்தது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் விட்ட ஒரு பழுதான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் படுத்தன, விமானங்கள் நின்றன. இதெல்லாம் கை தவறிய கேஸ். கை தவறியவரை மன்னிக்கலாம். கை நீட்டியவர் விஷயம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் "திருந்திவிட்டார்கள்" கட்சியின் பலமே இருக்கிறது.

அந்தக் கட்சியின் சிறந்த சாட்சி 2008. அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். சிமான்டெக்கின் பொறியாளர்கள் அந்த வருடம் நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தார்கள். செப்டம்பரில் வந்த 2009 பதிப்பு பழைய நார்ட்டனின் தம்பி மாதிரிகூட இல்லை. ஒரு நிமிடத்தில் இன்ஸ்டால் ஆகவேண்டும் என்று இலக்கு வைத்து எழுதினார்கள். சும்மா இருக்கும்போது எடுத்துக்கொள்ளும் மெமரியை 10 எம்பிக்குக் கீழே இறக்கினார்கள். முழுத்திரையில் படமோ கேமோ ஓடினால் குறுக்கே பெட்டி திறக்காமல் சும்மா இருக்கப் பழக்கினார்கள். நாளுக்கு ஒரு தடவை பெரிய அப்டேட் என்பதற்குப் பதிலாகச் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை சின்னச் சின்ன அப்டேட்.

இதில் அழகான யோசனை நார்ட்டன் இன்சைட். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகளில் பெரும்பாலானவை எல்லோரிடமும் இருக்கும் அதே கோப்புகள்தான். விண்டோஸின் கோப்பு, ஆபீஸின் கோப்பு, பிரவுசரின் கோப்பு. லட்சக்கணக்கானவர்களிடம் ஒரே மாதிரி இருக்கும், நல்லது என்று ஏற்கெனவே தெரிந்த கோப்பை ஒவ்வொரு தடவையும் ஏன் தடவிப் பார்க்க வேண்டும்? அதன் கைரேகையை மட்டும் ஒப்பிட்டுப் பார், மாறாமல் இருந்தால் தாண்டிப் போ. பழக்கமில்லாத கோப்பை மட்டும் பிடித்து நிறுத்து. டிக்கெட் பரிசோதகர் சீசன் பாஸ்காரரைத் தலையாட்டி அனுப்பிவிட்டு, புது முகத்தை மட்டும் கேட்பது மாதிரி. வேகம் கூடியது. திட்டி எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைகள் பாராட்டி எழுதின. பல வருட எரிச்சலுக்கு ஒரே பதிப்பில் பதில் சொன்னார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நம்பிக்கை திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விக்கு, கிடைக்கும், 2008-ஐப் பார் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

ஆனால் அந்தப் பாராட்டு வாடுவதற்குள் என்ன நடந்தது? 2009 மார்ச்சில் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஒரு புரோகிராமை அப்டேட் வழியாக அனுப்பிவிட்டார்கள். மற்ற ஃபயர்வால்கள் "இது யார்?" என்று கத்தின. ஜனங்கள் போய் சிமான்டெக்கிடமே கேட்டார்கள். கேட்டவர்களின் கேள்விகள் காணாமல் போயின! குப்பைச் செய்திகள் குவிந்ததால் நீக்கினோம் என்று பிறகு விளக்கம் வந்தது. கையெழுத்து போடாமல் விட்டது மனிதத் தவறு என்றும் ஒப்புக்கொண்டார்கள். விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பாதுகாப்பை விற்பவரிடம் "இது என்ன?" என்று கேட்டால் முதலில் பதில்தான் வர வேண்டும், அழிப்பான் அல்ல.

அது போகட்டும், சில்லறை. அதே வருடம் ஜூனில் வந்ததுதான் நோட்டு. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆண்ட்ரூ குவோமோ, சிமான்டெக்கும் மெக்காஃபியும் வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் சந்தாவைத் தானாகப் புதுப்பித்து கிரெடிட் கார்டில் காசு எடுக்கின்றன என்று பிடித்தார். இரண்டு கம்பெனிகளும் தலைக்கு 3,75,000 டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டன. தேதியைக் கவனியுங்கள். நார்ட்டனின் வாழ்நாளிலேயே சிறந்த பதிப்பு 2008 செப்டம்பர். கல்லாவில் கை வைத்ததற்குச் சமரசம் 2009 ஜூன். பின்கட்டில் பொறியாளர்கள் ராத்திரி பகலாக நல்ல பெயர் சம்பாதித்துக்கொண்டிருந்தபோது, முன்கட்டில் அதை யாரோ சில்லறை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பின்கட்டும் அப்படி ஒன்றும் சுத்தமில்லை என்பது பிறகு தெரிந்தது. 2012 ஜனவரியில் நார்ட்டனின் பழைய மூல நிரல் திருடர்கள் கையில் இருப்பது வெளியே வந்தது. முதலில் வேறு யாருடைய கம்ப்யூட்டரில் இருந்தோ போனது என்றார்கள். சில நாளில் மாற்றிச் சொன்னார்கள்: 2006-லேயே தங்கள் வீட்டில்தான் திருடு போயிருக்கிறது. பூட்டுக் கம்பெனியில் பூட்டின் வரைபடமே திருடு போய் ஆறு வருடம்! 2016-ல் கூகுளைச் சேர்ந்த டாவிஸ் ஆர்மண்டி இன்னொன்றைக் கண்டுபிடித்தார். சுருக்கி அனுப்பப்பட்ட கோப்புகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையை நார்ட்டன் விண்டோஸின் கருவறைக்குள், கெர்னலில் வைத்துச் செய்துகொண்டிருந்தது. அதாவது, ஒரு விஷமக் கோப்பை மெயிலில் அனுப்பினாலே போதும். வாங்கியவர் அதைத் திறக்கக்கூட வேண்டாம். நார்ட்டனே திறந்து பார்த்து, தானே மாட்டிக்கொள்ளும். அதில் பயன்படுத்திய சில பொது நூலகங்களைக் குறைந்தது ஏழு வருடமாக அப்டேட் செய்யவில்லை என்றும் அவர் எழுதினார். "அப்டேட் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஆபத்து" என்று ஊருக்கெல்லாம் பெட்டி திறந்து சொன்னது யார் என்று நினைவிருக்கிறதா? :-)

ஓட்டையைச் சீக்கிரம் அடைத்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். இடையில் 2014-ல் சிமான்டெக்கின் மூத்த அதிகாரி பிரையன் டை, வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பேட்டியில் ஆன்ட்டிவைரஸ் செத்துவிட்டது என்றே சொன்னார். செத்ததற்கு எதற்குச் சந்தா என்று வாடிக்கையாளர் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கேதான் வணிகவியல் புத்தகத்தை மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது. குட்வில் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு கடை இருபது வருடம் ஒழுங்காக வியாபாரம் செய்து சம்பாதித்த நல்ல பெயரை அந்தக் கடையே தன் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்ட முடியாது. கணக்கியல் விதி அனுமதிப்பதில்லை. ஆனால் இன்னொரு கடையை அதன் சொத்து மதிப்பை விட அதிக விலை கொடுத்து வாங்கினால், அந்த அதிகப்படித் தொகையைக் குட்வில் என்று எழுதிக்கொள்ளலாம். சம்பாதித்த நம்பிக்கை கணக்கில் பூஜ்யம், வாங்கிய நம்பிக்கை கணக்கில் கோடி. நார்ட்டனின் கடந்த சில வருடங்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதி போதும்.

2017-ல் 230 கோடி டாலர் கொடுத்து லைஃப்லாக் என்ற அடையாளத் திருட்டுக் காப்புக் கம்பெனியை வாங்கினார்கள். அதே வருடம், இணையதளங்களுக்கு நற்சான்றிதழ் கொடுக்கும் தொழிலை விற்றார்கள். அந்தச் சான்றிதழ்களை விதிப்படி வழங்கவில்லை என்று கூகுள் குரோம் அவற்றைப் படிப்படியாக ஏற்க மறுக்கத் தொடங்கியிருந்தது. 'இவர் நம்பகமானவர்' என்று முத்திரை குத்தும் தொழிலில் முத்திரையே செல்லாமல் போவதை விடப் பெரிய அவமானம் உண்டா? 2019-ல் பெரிய கம்பெனிகளுக்கான பிரிவையும் சிமான்டெக் என்ற பெயரையும் பிராட்காமுக்கு 1070 கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் நின்றது நார்ட்டன்லைஃப்லாக். வீட்டு உபயோகிப்பாளர்கள் மட்டும். அதாவது, குறுக்குக் கேள்வி கேட்கும் ஐடி மேனேஜர்கள் போய்விட்டார்கள், பில்லைப் படிக்காமல் கட்டும் சாதாரண ஜனங்கள் மட்டும் மிச்சம்.

2021 ஜூன் மாதத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில் இரண்டு விஷயம் நடந்தது.

ஒன்று, நார்ட்டன் கிரிப்டோ. ஆன்ட்டிவைரஸுக்குள்ளேயே ஈத்தரியம் நாணயம் தோண்டும் புரோகிராம். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது அதன் கிராபிக்ஸ் கார்டை ஓட்டிக் காசு பண்ணலாம், நார்ட்டனுக்கு அதில் 15 சதவீதக் கமிஷன். கரண்ட் பில் யாருக்கு? உபயோகிப்பாளருக்கு. அடுத்தவர் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக நாணயம் தோண்டும் புரோகிராம்களைப் பிடிப்பதுதான் அந்த நாட்களில் ஒவ்வொரு ஆன்ட்டிவைரஸும் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வேலை! பயனர் சம்மதித்தால்தான் ஓடும் என்று கம்பெனி சொன்னது. அது உண்மைதான். ஆனால் சம்மதிக்காதவர் கம்ப்யூட்டரிலும் அந்தக் கோப்பு வந்து உட்கார்ந்திருந்தது, நீக்கப் போனால் நார்ட்டனின் தற்காப்புச் சுவரை முதலில் அணைக்க வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் பெரிய கூச்சல். அதே வருடம் செப்டம்பரில் ஈத்தரியமே தோண்டும் முறையைக் கைவிட்டதால் அந்தச் சமாச்சாரம் தானாக அடங்கியது. மனம் மாறி அல்ல, சுரங்கம் மூடியதால்.

இரண்டு, பிரிட்டன். அங்கே போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் ஆன்ட்டிவைரஸ் கம்பெனிகளின் தானியங்கிப் புதுப்பித்தலை விசாரித்தது. கேட்ட தகவலை நார்ட்டன் தர மறுத்து, ஆணையம் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கடைசியில் ஜூனில் நார்ட்டன் எழுதிக் கொடுத்தது: தானாகப் புதுப்பிக்கப்பட்டவர்கள் விலகினால் மிச்ச நாட்களுக்கான பணத்தைத் திருப்பித் தருகிறோம், புதுப்பிக்கும்போது விலை ஏறுவதைத் தெளிவாகச் சொல்கிறோம், ஒரு வருடமாக மென்பொருளைப் பயன்படுத்தாதவர்களுக்குத் தகவல் அனுப்புகிறோம்.

நியூயார்க்கில் 2009 ஜூன். பிரிட்டனில் 2021 ஜூன். நடுவில் 12 வருடம். ஒரே புகார்! இதைக் கை தவறியது என்று யாராவது சொன்னால், 12 வருடம் தொடர்ந்து ஒரே பக்கம் தவறும் கையை என்னவென்று சொல்வது?

இதன்பிறகு 2022 செப்டம்பரில் அவாஸ்டை வாங்கினார்கள். விலை 800 கோடி டாலருக்கு மேல். கம்பெனிக்கு ஜென் டிஜிட்டல் என்று புதுப் பெயர். அவாஸ்டின் வண்டவாளம் அதற்கு முன்பே ஊருக்குத் தெரியும். உபயோகிப்பாளர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை ஆன்ட்டிவைரஸ் வழியாகவே சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றுக்கொண்டிருந்தது 2020 ஜனவரியில் அம்பலமானது. உடனே ஜம்ப்ஷாட்டை இழுத்து மூடினார்கள். அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-ல் விதித்தது 1 கோடியே 65 லட்சம் டாலர். நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அந்த விவரம் விற்கப்பட்டது என்பது கமிஷனின் குற்றச்சாட்டு. காவல்காரன் வீட்டைக் காத்தான், கூடவே வீட்டில் யார் எப்போது எங்கே போகிறார்கள் என்று குறிப்பும் எழுதி விற்றான்.

நார்ட்டன் கட்சிக்காரர்கள் உடனே சொல்வார்கள்: அது அவாஸ்ட் செய்தது, நார்ட்டன் வாங்குவதற்கு முன்னால் செய்தது. சரிதான், செய்தது நார்ட்டன் அல்ல. ஆனால் அந்தப் பெயரைத் தெரிந்தே விலை கொடுத்து வாங்கியது நார்ட்டன். இப்போது நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா எல்லாம் ஒரே முதலாளி. நார்ட்டன் பிடிக்கவில்லை என்று அவாஸ்டுக்குப் போனவர், அவாஸ்ட் பிடிக்கவில்லை என்று ஏவிஜிக்குப் போனவர், ஏவிஜியும் வேண்டாம் என்று அவிராவுக்குப் போனவர் எல்லோரும் ஒரே கல்லாவில்தான் காசு போடுகிறார்கள். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகும் உரிமைதான் வாடிக்கையாளரின் ஒரே ஆயுதம். அடுத்த கடையையே வாங்கிவிட்டால்? ஜென் டிஜிட்டலின் இருப்புநிலைக் குறிப்பில் குட்வில் மட்டும் சுமார் 1000 கோடி டாலர் நிற்கிறது. காகிதத்தில் இவ்வளவு நல்ல பெயர் உள்ள கம்பெனிகள் குறைவு.

சோதனைக்கூட மார்க் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இரண்டும் மரியாதையான இடங்கள். அவற்றில் நார்ட்டன் நன்றாகவே மதிப்பெண் வாங்குகிறது. ஆனால் அந்தக் கூடங்கள் அளப்பது எத்தனை வைரஸைப் பிடித்தது, எவ்வளவு மெதுவாக்கியது, நல்ல கோப்பைத் தவறாகப் பிடித்ததா என்பவற்றை. அடுத்த வருடம் கார்டில் எவ்வளவு எடுக்கும் என்பதை எந்தக் கூடமும் அளப்பதில்லை. இன்னொன்று, விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து டிஃபென்டர் கூடவே இலவசமாக வருகிறது. ஆரம்பத்தில் சோதனைகளில் தடுமாறிய அது இப்போது அதே கூடங்களில் முன்வரிசை மார்க் வாங்குகிறது. டிஃபென்டர் ஒன்றும் தெய்வம் இல்லை, மைக்ரோசாஃப்டுக்கும் சொந்த வியாபாரம் உண்டு. ஆனால் சும்மா கிடைப்பதோடு போட்டி போட வேண்டியிருக்கும்போது, ஆன்ட்டிவைரஸை விற்பதை விட பயத்தை விற்பது சுலபமாகிவிடுகிறது. அதனால்தான் அந்த மஞ்சள் டப்பாவுக்குள் இன்று விபிஎன், பாஸ்வேர்டு பெட்டி, அடையாளத் திருட்டுக் காப்பு என்று பலசரக்குக் கடையே இருக்கிறது.

அப்படியானால் இழந்த நம்பிக்கையை யாராலும் மீட்கவே முடியாதா? முடியும். எல்லா பிசினஸ் வகுப்பிலும் சொல்லும் கதைதான். 1982-ல் சிகாகோ பகுதியில் யாரோ டைலினால் மாத்திரைக்குள் சயனைடு வைத்ததில் ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் அமெரிக்கா முழுக்கக் கடைகளில் இருந்த சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நஷ்டம் 10 கோடி டாலருக்கு மேல். பிறகு யாரும் பிரித்தால் தெரிந்துவிடும் மாதிரியான புது மூடியோடு வந்து, விட்ட சந்தையைப் பிடித்தது. (அதே கம்பெனி பின்னாளில் பேபி பவுடர் வழக்குகளில் மாட்டிக்கொண்டது வேறு கதை. நம்பிக்கை என்பது ஒரு தடவை வாங்கி அலமாரியில் வைக்கும் பொருள் இல்லை போலிருக்கிறது.) டைலினாலில் நடந்தது என்ன? தப்பே தன்னுடையது இல்லை என்றாலும், கம்பெனி எல்லோர் கண் முன்னாலும் தன் காசை இழந்தது. ஜனங்கள் அதைப் பார்த்தார்கள்.

நார்ட்டனிடம் அதற்குச் சமமான செயல் என்ன? வேகமான இன்ஜின் இல்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. தானியங்கிப் புதுப்பித்தலை யாரும் கேட்காமல் அணைத்து வைத்து விற்பது. வேண்டும் என்பவர் தானே ஆன் செய்துகொள்ளட்டும். முதல் வருடம் தள்ளுபடி விலை, இரண்டாம் வருடம் அதைப் போலப் பல மடங்கு என்ற கணக்கை நிறுத்தி, இரண்டுக்கும் ஒரே விலை வைப்பது. இதைச் செய்தால் வருமானம் அடிவாங்கும், பங்குதாரர்கள் கத்துவார்கள். கத்தட்டும். அந்தக் கத்தல் சத்தம் கேட்டால்தான் வாடிக்கையாளர் நம்புவார்.

'எல்லா சந்தா வியாபாரமும் இப்படித்தானே, நார்ட்டனை மட்டும் ஏன்?' என்று கேட்கலாம். சினிமா சந்தா தானாகப் புதுப்பித்துக்கொண்டால் நஷ்டம் ஒரு மாதக் காசோடு போகும். இங்கே நஷ்டம் அதோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் வருடக்கணக்காக ஒரு மோசடி மெயில் சுற்றுகிறது. 'உங்கள் நார்ட்டன் சந்தா இன்று புதுப்பிக்கப்பட்டது, சில நூறு டாலர் உங்கள் கணக்கில் இருந்து எடுக்கப்படுகிறது, வேண்டாம் என்றால் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்' என்று இருக்கும். மஞ்சள் லோகோவும் இருக்கும். போன் செய்தால் மறுமுனையில் இருப்பவன் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவான். மாட்டிக்கொள்பவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள். இந்தப் போலி பில்களைப் பற்றி ஃபெடரல் டிரேட் கமிஷனும் எச்சரித்திருக்கிறது, நார்ட்டனும் தன் பங்குக்கு எச்சரிக்கிறது.

திருடன் ஏன் நார்ட்டன் பெயரைத் தேர்ந்தெடுத்தான்? படித்தவுடன் 'இருக்கும், இவர்கள் இப்படிச் செய்யக்கூடியவர்கள்தான்' என்று தோன்ற வேண்டும் அல்லவா? கேட்காமல் காசு எடுத்திருப்பார்கள் என்று கேள்வியே இல்லாமல் நம்பக்கூடிய ஒரு பெயர் அவனுக்குத் தேவைப்பட்டது. பல வருடங்களாகக் கேட்காமல் எடுத்துப் பழக்கிய பெயர் கைவசம் தயாராக இருந்தது. கேட்காமல் ஒருபோதும் எடுக்காத கம்பெனியின் பெயரில் அந்த மெயில் வந்தால், பாட்டிகூட 'சேச்சே, அவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்' என்று அழித்துவிட்டுப் போயிருப்பார்.

பிரிட்டனில் எழுதிக் கொடுத்த அந்த வாக்குறுதி பிரிட்டன்காரர்களுக்காகக் கொடுத்தது. ஒரு வருடமாகத் திறக்கவே இல்லை, ஆனால் காசு போய்க்கொண்டிருக்கிறது என்று அங்கே ஒருவருக்குக் கடிதம் எழுத முடிகிறது என்றால், யார் யார் திறக்கவில்லை என்ற பட்டியல் கம்பெனியிடம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கடிதத்தை எந்த ஆணையமும் வழக்குப் போடாமல், மற்ற நாட்டுக்காரர்களுக்கும் என்றைக்கு அனுப்புகிறார்களோ, அன்றைக்கு மஞ்சள் டப்பாவைப் பற்றி மறுபடி பேசலாம்.